பனி அந்து ஏறிய வருடம்

ஹாகன் பண்ணை, தோன்ஸ்பெர்க் அருகே
நவம்பர் 1934

அன்புள்ள ரெய்தாருக்கு,

தோர்திஸ் எழுதிக்கொள்வது. நானும் பசுவும் சுகம். நீயும் நல்லபடியாகத் தீவு போய்ச் சேர்ந்து, திமிங்கில வேலையில் இறங்கியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போகும் வழியில் தெனரிஃபிலிருந்து நீ போட்ட அட்டை போன வாரம் வந்தது. முன்பக்கம் எரிமலை, பின்பக்கம் மூன்று வரி. கடல் அமைதி. சாப்பாடு பரவாயில்லை. மரங்களுக்குப் பசைப் பட்டை கட்டியாயிற்றா?

இல்லை ரெய்தார். வருடா வருடம் செப்டம்பர் கடைசியில், தெற்கே கப்பல் ஏறுமுன், ஒவ்வொரு ஆப்பிள் மரத்தின் இடுப்பிலும் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவிவிட்டுத்தான் நீ போவாய். இந்த வருடம் பசை டப்பா வண்டிக் கொட்டகையில் மூடி திறக்காமல் கிடந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கும் நினைவு வரவில்லை. இந்தச் செப்டம்பரில் நம்மில் யார் மரத்தைப் பார்த்தோம்?

முதல் உறைபனி விழுந்து சில நாள் கழித்து, மாலை பால் கறந்துவிட்டு வரும்போது அடுக்களை ஜன்னலில் ஏதோ அப்பியிருப்பதுபோலத் தெரிந்தது. கிட்டே போனால் பூச்சிகள். சாம்பல் நிறத்தில், நசநசவென்று, விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மோதிக்கொண்டிருந்தன. மற்றப் பூச்சியெல்லாம் செத்து மண்ணாகிவிட்ட இந்தக் குளிரில் இதுகளுக்கு மட்டும் எங்கிருந்துதான் உயிர் வருகிறதோ. நீ ஒவ்வொரு வருடமும் பயந்து பயந்து பட்டை கட்டுவாயே, அதே பனி அந்து. உனக்கு இதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. இது வெளியே வரும்போது நீ பாதிக் கடலைத் தாண்டியிருப்பாய்.

பக்கத்துப் பண்ணை பேதர் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "உன் புருஷன் கப்பல் அளவு திமிங்கிலத்தையெல்லாம் அறுத்துப் போட்டுருவான். நகம் அளவு பூச்சிய மட்டும் உன் தலையில கட்டிட்டுப் போயிட்டான்," என்றார். அவர் வாய் உனக்குத் தெரியாதா. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி போர்கில்லும் கூட வந்தாள். பசை குளிரில் இறுகிப்போயிருந்ததால் அடுப்பில் வைத்து இளக்கினோம். வீடெல்லாம் இன்னும் அந்த வாடைதான். நான் விளக்கைப் பிடித்துக்கொள்ள, பேதர் காகிதம் சுற்ற, போர்கில் பசை தடவினாள். பேதருக்கு இடது கையில் இருப்பது மூன்று விரல்தான் என்றாலும் முடிச்சு மட்டும் நம்மைவிட நன்றாகப் போடுகிறார்.

பறக்கிறதெல்லாம் ஆண் பூச்சிதான். பெண்ணுக்குச் சிறகே இல்லை. சிலந்தி மாதிரி, வயிறு நிறைய முட்டையோடு, தண்டில் நடந்தே ஏறுகிறது. நாங்கள் பட்டை கட்டும்போதே கட்டுக்கு மேலே நிறைய ஏறிவிட்டிருந்தன. பேதர் தலையை ஆட்டிக்கொண்டார். இனி வருவதையாவது தடுக்கலாம் என்றார்.

போன வருடம் நீ பட்டை கட்டும்போது நம் மாரித் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே வந்தாள். அம்மாப் பூச்சிக்குச் சிறகு கிடையாது, நடந்துதான் ஏறும் என்று நீ சொன்னாய். "அப்ப அப்பாப் பூச்சி? பறந்து தெற்கே போயிருமா?" என்று கேட்டாள். நீ ஏணியிலிருந்து விழப் பார்த்தாய், அப்படி ஒரு சிரிப்பு.

இதை எழுதலாமா கூடாதா என்று பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

கல் கொத்துகிறவர் வந்து போனார். நிலம் இறுகுமுன் கல்லறையில் கல்லை நட்டுவிடலாமாம். பெயரும் பிறந்த வருடமும் இறந்த வருடமும் வெட்டலாம், அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, என்ன வெட்ட வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நீ கிளம்பும் அவசரத்தில் இதைப் பேச முடியவில்லை. மாரித்துக்கு என்ன எழுதலாம் என்று உனக்குத் தோன்றுகிறதோ அதைச் சொல். ஒரு வரி போதும்.

உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

உன்
தோர்திஸ்

*

ஹாகன் பண்ணை
பிப்ரவரி கடைசி, 1935

அன்புள்ள ரெய்தாருக்கு,

கிறிஸ்மஸுக்கு முன்னால் நீ எழுதிய கடிதம் இந்த மாதத் தொடக்கத்தில் கைக்கு வந்தது. நீ சுகம் என்று தெரிந்ததில் நிம்மதி. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். இத்தனை வருடத்தில் இவ்வளவு நீளமாக நீ எழுதியதில்லை. போர்கில்கூடப் பொறாமைப்பட்டாள்.

நீ கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்கிறேன். செதில் விட்ட மரப்பட்டையைச் சுரண்டி எடுத்து எரித்துவிட்டேன். குறுக்குக் கிளைகளைப் பேதர் வெட்டிக் கொடுத்தார். ரோட்டோரத்துக் கிராவன்ஸ்டைன் ஆப்பிள் மரத்தில் புண் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருந்தது, வெட்டிவிட்டுத் தார் பூசினோம். முட்டை தெரிகிறதா என்று கேட்டிருந்தாய். தெரிகிறது. மொட்டுக்குப் பக்கத்தில், பட்டை இடுக்கில், கடுகைவிடச் சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில். பேதர் காட்டிக்கொடுக்கும்வரை என் கண்ணுக்குப் படவில்லை. ஒருமுறை பார்த்த பிறகு எந்தக் கிளையைத் திருப்பினாலும் அதுதான் தெரிகிறது.

முட்டைக்குத் தார் மருந்து அடிக்கச் சொல்லியிருந்தாய். பழத்தோட்டக்காரர்கள் சங்கத்துப் பம்பை இரவல் வாங்கி வந்தோம். பாதித் தோட்டம் முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்துவிட்டது. பேதர் பம்பைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. அது பழுது பார்த்து வருவதற்குள் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. வீட்டுப் பக்கத்து மரங்களுக்கு மருந்து விழுந்தது, மேட்டுப் பக்கம் விழவில்லை. அடுத்த வருடம் முதல் முழு விளைச்சல் வரும், அப்புறம் நான் எதற்குத் தெற்கே போகப்போகிறேன் என்று போன கோடையில் சொல்லிக்கொண்டிருந்தாய். மொட்டுகள் நன்றாகத்தான் பருத்திருக்கின்றன. அதைப் பார்த்தால் ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

கிறிஸ்மஸுக்குப் பேதர் வீட்டில்தான் இருந்தேன். வர மாட்டேன் என்று சொன்னேன். போர்கில் நேரே வந்து என் மேல்கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். பால் சோறு வைத்திருந்தாள். வழக்கம்போல ஒரு பாதாம் பருப்பை உள்ளே போட்டிருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். பாதாம் யாருக்கு வந்தது என்று யாரும் சொல்லவில்லை. பாதாம் கிடைத்தவருக்குப் பரிசாக வைத்த மார்சிபான் பன்றி மிட்டாய் தட்டிலேயே இருந்தது. பேதர் மேஜைக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். எனக்குத்தான் வந்தது, ரெய்தார். மென்று விழுங்கிவிட்டேன். எழுந்து நின்று, எனக்குத்தான் என்று சொல்லி அந்தப் பரிசை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

பள்ளிக்கூடத்து ஆசிரியை வந்திருந்தார். மாரித்தின் பனிச்சறுக்குக் கட்டைகள் சும்மாதானே இருக்கின்றன, அவள் வகுப்பில் ஒரு பெண் கட்டை இல்லாமல் நடந்தே வருகிறாள், கொடுக்க மனம் வருமா என்று கேட்டார். கேட்டது தப்பில்லை. கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் உடுப்பெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிட்டார்கள். கையில் எடுத்துப் பார்க்க அந்தக் கட்டைகள்தான் மிச்சம். ஆனால் அந்தப் பெண் பனியில் நடந்து வருவதும் தெரிகிறது. நீ சொல்லு.

உன் நான்கு பக்கத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை ஒரு வார்த்தையை மட்டும் தேடிக்கொண்டு படித்தேன். மரம் இருக்கிறது, முட்டை இருக்கிறது, பம்பு இருக்கிறது. கல்லில் என்ன வெட்டுவது என்று கேட்டிருந்தேனே. கடிதம் உனக்கு வந்து சேரவில்லையோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாங்கள் பட்டையைத் தாமதமாகக் கட்டியது உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வந்து சேர்ந்திருக்கிறது.

பரவாயில்லை. ஒரு மரம்கூட இல்லாத தீவில் உட்கார்ந்துகொண்டு மரத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்குப் புரிகிறது என்று சொல்ல ஆசைதான்.

கல் இன்னும் நடவில்லை. மரச் சிலுவை இருக்கிறது. போன வாரம் பனியை நீக்கிவிட்டு வந்தேன்.

மே மாதம் உன்னைப் பார்ப்பேன் என்ற எண்ணத்தோடு,
தோர்திஸ்

*

ஹாகன் பண்ணை
மே மாதம், 1935

ரெய்தாருக்கு,

உன் தந்தி வந்தது. தபால்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்ததும் நீ போய்விட்டாய் என்றே நினைத்தேன். அடுக்களைத் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன்.

"குளிர்காலம் இங்கேயே தங்குகிறேன். சம்பளம் மாதாமாதம் வரும். பூக்குமுன் மருந்து அடிக்கவும்."

உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு முதலில் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்புறம் அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உன்னை யாரும் அங்கே இருக்கச் சொல்லவில்லை. இங்கே கோடையாக இருக்கும்போது வரும் அந்தத் தீவுக் குளிர்காலத்தில் கப்பல் பழுது பார்க்கவும் கொதிகலன் சுரண்டவும் தங்குகிறவர்கள் வீடு இல்லாதவர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

மருந்து அடித்தோம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டு, அடித்ததையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மறுபடி அடிப்பதற்குள் புழு மொட்டுக்குள் போய்விட்டது. பச்சைப் புழு, நூல் மாதிரி மெல்லிசு. முதுகை வளைத்து வளைத்து, துணி அளப்பதுபோல அளந்துகொண்டு நடக்கிறது. மொட்டை இழையால் தைத்து மூடிக்கொண்டு உள்ளேயிருந்து தின்கிறது. வெளியே பார்த்தால் மொட்டு முழுசாக இருக்கும். விரலால் தொட்டால் பொடிப்பொடியாகக் கையில் கொட்டும். தார் மருந்து விழாத மேட்டுப் பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. வீட்டுப் பக்கம் கொஞ்சம் பூத்தது. ஒவ்வொரு பூவிலும் ஓட்டை.

கன்று நட்ட நாளிலிருந்து நீ இந்த மரங்களின் பூவைப் பார்த்ததே இல்லை. நீ வரும்போதெல்லாம் உதிர்ந்து முடிந்திருக்கும். இந்த வருடம் பூப்பதற்குள் எப்படியாவது வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாய். பார்க்க ஒன்றும் இல்லை. நீ வராததில் நஷ்டமில்லை.

மே பதினேழாம் தேதி, தேசிய தினத்துக்குப் பிள்ளைகள் கொடி ஊர்வலம் நம் வீட்டு வழியாகத்தான் போனது. வாத்தியச் சத்தம் சர்ச் வளைவில் கேட்டபோதே பால் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போய்விட்டேன். அந்த நேரத்தில் பால் கறக்கப்போனால் பசு என்ன நினைக்கும். ஆனாலும் அது நின்று கொடுத்தது. ஊர்வலம் வேலி ஓரம் வரும்போது வாத்தியம் நின்றுவிட்டது, காலடிச் சத்தம் மட்டும்தான் போனது. யார் நிறுத்தச் சொன்னது என்று தெரியவில்லை. வாசித்துக்கொண்டே போயிருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்டைகளை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கல்லில் பெயரையும் வருடங்களையும் மட்டும் வெட்டச் சொல்லிவிட்டேன். உன் பதிலுக்கு இனியும் காத்திருக்க என்னால் ஆகாது. நீ அங்கே இருக்க வேண்டுமென்றால் இருந்துகொள். ஆனால் இனி என்னிடம் புழுவைப் பற்றிக் கேட்காதே. நானும் அவளைப் பெற்றவள்தான். எனக்கும் ஒரு தீவு கிடைத்திருந்தால் போயிருப்பேன்.

தோர்திஸ்

*

ஹாகன் பண்ணை
ஜூன் மாதம், 1935

அன்புள்ள என் ரெய்தாருக்கு,

போன கடிதம் உன்னை வந்து சேருமுன் இது சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசை. இரண்டும் ஒரே கப்பலில்தான் வரும். தயவுசெய்து இதை முதலில் படி.

நேற்று ஓலுஃப் வந்திருந்தார். உன் பக்கத்துக் கட்டில்காரர், கொல்லுப் பட்டறைக்காரர். கப்பலிலிருந்து இறங்கி, அரெண்டாலில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், நீ கொடுத்த பொட்டலத்தைச் சேர்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறார். நான் தோட்டத்தில் இருந்தேன். மரமெல்லாம் இப்போது கிறிஸ்மஸ் சமயத்தில் இருப்பதுபோல மொட்டையாக நிற்கிறது. இலைக்கு நரம்புதான் மிச்சம். புழுக்கள் நூல் விட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நடந்தால் முகத்தில் ஒட்டுகிறது. இந்த வருடம் ஆப்பிள் கிடையாது. கோடை நடுவில் மறுபடி துளிர்க்கும், மரம் சாகாது என்கிறார் பேதர். பார்க்கலாம்.

ஓலுஃப் வேலியில் கை வைத்து, மரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தப் பூச்சிதானா இது?" என்று கேட்டார். ஏதோ பழைய சொந்தக்காரனைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே கூப்பிட்டுக் காபி வைத்தேன். பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார்.

"மாரித் எங்க? பள்ளிக்கூடமா?"

நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை நிறுத்தவில்லை. "ஆமா, பள்ளிக்கூடம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது என்று மட்டும் அந்த நிமிஷத்தில் புரிந்தது.

"வர்றவரைக்கும் இருந்து பாத்துட்டே போயிரலாம்னு நெனச்சேன். பஸ்ஸுக்கு நேரமாயிருமே," என்றார். "உங்க லெட்டர் வர்ற அன்னிக்கு எங்க கொட்டகையில யாரும் சீட்டாட மாட்டோம். ரெய்தார் கட்டில்ல உக்காந்து சத்தமா படிப்பான். சுத்தி உக்காந்துக்குவோம். எங்கள்ல பாதிப் பேருக்கு லெட்டர் போட ஆள் கிடையாது பாருங்க. அந்தப் பூச்சிக் கதைதான் எங்களுக்கு. நீங்க பட்டை கட்டறப்ப மாரித்தான் விளக்கப் புடிச்சாளாமே. ஒட்டிக்கிட்ட பூச்சிய யாரும் பாக்காதப்போ குச்சியால எடுத்து விட்டுட்டு, உங்ககிட்ட நல்லா திட்டு வாங்குனாளாமே."

நான் உட்கார்ந்தேன்.

"பாதாம் அவளுக்குத்தான் வந்துச்சாமே. கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, கடைசிவரைக்கும் தெரியாதமாதிரி உக்காந்திருந்தாளாமே. அத அவன் நடிச்சே காட்டுனான். கிறிஸ்மஸுக்கு அப்புறம் எத்தனையோ நாள் கழிச்சு வந்த லெட்டர். ஆனா அன்னிக்குத்தான் எங்களுக்கு கிறிஸ்மஸ் மாதிரி இருந்துச்சு."

நீ வேறு என்ன படித்தாய் என்று அவரிடம் கேட்டேன்.

ரெய்தார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல, அப்புறம், அப்புறம் என்று கேட்டேன். காபிப் பாத்திரம் காலியாகி மறுபடி வைத்தேன். சறுக்குக் கட்டையை மேட்டில் மோதி உடைத்துவிட்டு, பேதரிடம் போய்ச் சரிபண்ணித் தரச்சொல்லி அழுதாளாம். கடைவாய்ப் பல் ஒன்று விழுந்ததாம். பல்லை நீ அங்கிருந்து வந்து பார்க்கவேண்டும் என்று தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்திருக்கிறாளாம். பெருக்கல் வாய்பாட்டில் ஏழாம் வாய்பாடு மட்டும் வரமாட்டேன் என்கிறதாம். ஏழாம் வாய்பாடு அவளுக்கு வராதுதான். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

என் கடிதத்தில் இல்லாத ஒன்றை நீ சேர்த்தாய் என்று எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஓலுஃப் இருந்த அந்த நேரம் முழுக்க நம் வீட்டில் மாரித் பள்ளிக்கூடம் போயிருந்தாள். எந்த நேரமும் வந்துவிடுவாள் என்பதுபோல நானும் ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

போகும்போது ஓலுஃப் வாசலில் நின்று, நீ குளிர்காலத்துக்கும் அங்கேயே தங்குகிறேன் என்றபோது எல்லோரும் திட்டினோம் என்றார். "'இப்படி ஒரு பொண்ண வெச்சிக்கிட்டு எவனாவது இங்க கெடப்பானா'ன்னு நானே கேட்டேன். எந்திரிச்சு வெளிய போயிட்டான். பனியில வெறுங்கையோட நின்னுக்கிட்டு இருந்தான். நான்தான் போய் இழுத்துட்டு வந்தேன்." என்னைப் பார்த்து, "அவன்கிட்ட எதுவும் கோவமா இருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அவர் மனதில் அவள் இருந்துவிட்டுப் போகட்டும்.

வருடா வருடம் நம் ஊர்க்காரர்களோடு ஒரே இடத்துக்குப் போகிறவன், இந்த முறை ஏன் நம் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லாத திமிங்கில நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கேட்டபோது, எல்லாம் ஒன்றுதானே என்றாய். நேற்றுதான் புரிந்தது. உன் நான்கு பக்கத்தில் அவள் பெயர் ஏன் இல்லை என்பதும் புரிந்தது. எனக்கு எழுதும்போது அவளைச் செத்தவளாக அல்லவா எழுத வேண்டும். அங்கே நீ கட்டிலில் உட்கார்ந்து படிக்கும்போது அவள் வளர்ந்துகொண்டிருக்கிறாள். இங்கே வந்து நீ கதவைத் திறந்தால் அது முடிந்துவிடும். அதனால்தான் வரவில்லை, இல்லையா?

நான் ஒன்று சொல்கிறேன், கேள். உன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கண்ணை மூடினால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஜன்னல்தான் வருகிறது. தொண்டை அடைப்பான் வார்டுக்குள் விடமாட்டேன் என்று நம்மை வெளியே மண்ணில் நிற்கவைத்தார்களே, அந்தக் கண்ணாடி. அதற்குப் பின்னால் தலையணையில் அவள் முகம். கை தூக்க முயன்றாள், தூக்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஒன்பது வருடத்தையும் அந்த ஒரு வாரம் தின்றுவிட்டது. அவள் ஓடினது, கத்தினது, பசுவின் காதில் ரகசியம் சொன்னது எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கண்ணாடிதான் வருகிறது. அதே கண்ணாடி முன்னால் நீயும் என்னோடு நின்றாய். ஆனால் உன்னிடம் அவள் கட்டையை உடைக்கிறாள், பல் விழுந்து சிரிக்கிறாள்.

எனக்கும் கொஞ்சம் கொடு, ரெய்தார்.

அடுத்த கடிதத்தில் மரத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். செப்டம்பரில் நானே பட்டை கட்டிக்கொள்கிறேன். மாரித் இந்த வாரம் என்ன செய்தாள் என்று எழுது. அங்கே அவர்களுக்குச் சொல்வதுபோலவே எழுது, குறைக்காதே. நான் நம்பிக்கொள்கிறேன். குளிர்காலம் முழுக்க எழுது. பொய் என்று ஒருமுறைகூடச் சொல்ல மாட்டேன்.

பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். திமிங்கிலப் பல்லில் செதுக்கிய பென்குவின். ஒரு சிறகு கொஞ்சம் கோணல். வேண்டுமென்றே அப்படிச் செதுக்கினாயா, கத்தி வழுக்கியதா? அவள் கேட்டிருப்பாள்.

அப்புறம், அங்கே பனி இளகி முதல் கப்பல் புறப்படும்போது ஏறிவிடு. தனியாக வராதே. அவளையும் கூட்டிக்கொண்டு வா. வழியில் எங்கும் இறக்கிவிடாதே, கடலில் விட்டுவிடாதே, இந்த வாசல்வரை கையைப் பிடித்துக் கொண்டு வா. இங்கே அவளைப் படுக்கவைக்க வேண்டும். என்னால் தனியாக முடியவில்லை. உன்னாலும் முடியாது. நாம் இரண்டு பேரும் வேண்டும்.

அதுவரை அந்தக் குளிரில் கடவுள் உன்னையும் அவளையும் காப்பாற்றட்டும்.

உங்கள் இருவரையும் எதிர்பார்த்திருக்கும்
தோர்திஸ்